வீட்டுக்கு ஒரு விலை, கடனுக்கு ஒரு விலை!

வீட்டுக் கடனில் கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு குடும்பமும் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

நாற்பது லட்சம் ரூபாய் வீட்டுக் கடன். வட்டி 8.5 சதவீதம். தவணைக் காலம் 20 ஆண்டுகள். மாதம் ₹34,713 கட்ட வேண்டும். ஒரு தவணைகூடத் தவறாமல் பத்து ஆண்டுகள் கட்டியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கட்டிய தொகை ₹41.65 லட்சம், வாங்கிய கடனைவிட அதிகம். அந்த நாளில் வங்கிக்குப் போய், "இன்னும் எவ்வளவு பாக்கி?" என்று கேட்டால் வரும் பதில்: ₹28 லட்சம்.

இதில் மோசடி எதுவும் இல்லை. வீட்டுக் கடனின் கணக்கே அப்படித்தான். ஒவ்வொரு மாதமும் பாக்கி நிற்கும் அசலுக்கு முதலில் வட்டி எடுக்கப்படுகிறது. மிச்சம்தான் அசலில் கழிகிறது. மேலே சொன்ன கடனில் முதல் தவணையில் ₹28,333 வட்டிக்குப் போய்விடுகிறது. அசலில் குறைவது ₹6,380 மட்டும். வருடம் ஆக ஆக வட்டியின் பங்கு சுருங்கி அசலின் பங்கு வளரும். 20 ஆண்டுகள் முடியும்போது மொத்தம் கட்டியிருப்பது ₹83.3 லட்சம். அதில் வட்டி ₹43.3 லட்சம்.

ஆக, வீடு வாங்குகிறவர் இரண்டு பொருள்களை வாங்குகிறார். ஒன்று வீடு, இன்னொன்று கடன். வீட்டு விலையில் ஐம்பதாயிரம் குறைக்க நாலு நடை நடந்து பேசுகிறோம். வாஸ்து பார்க்கிறோம். தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்க்கச் சொல்கிறோம். ஆனால், வீட்டின் விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும் வட்டியை ஏற்கும் கடன் பத்திரத்தை, ஒரே மத்தியானத்தில், காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டு முடித்துவிடுகிறோம். கடனையும் பேரம் பேசித்தான் வாங்க வேண்டும். அதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்?

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்?

வீட்டின் முழு விலைக்கும் எந்த வங்கியும் கடன் தராது. ரிசர்வ் வங்கி இதற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கடன் ₹30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை கிடைக்கும். ₹30 லட்சத்துக்கு மேல் ₹75 லட்சம் வரை 80 சதவீதம். அதற்கும் மேலே போனால் 75 சதவீதம். மிச்சத்தை நம் கைப்பணமாகப் போட வேண்டும். முத்திரைத் தீர்வையையும் பதிவுக் கட்டணத்தையும் வங்கிகள் பொதுவாகச் சொத்து மதிப்பில் சேர்ப்பதில்லை. பல குடும்பங்கள் இடறி விழுவது இந்த இடத்தில்தான்.

தாம்பரத்திலோ கோவையிலோ ₹50 லட்சத்துக்கு ஒரு பழைய வீட்டை வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கி அதிகபட்சம் ₹40 லட்சம் தரும். நம் பங்கு ₹10 லட்சம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து ₹4.5 லட்சம். தரகர் கமிஷன், வங்கியின் பரிசீலனைக் கட்டணம், வக்கீல் கட்டணம், அடமானப் பதிவு என்று இன்னொரு லட்சம். குடிபோகும் முன் வெள்ளையடிப்பு, மின் வேலை, மோட்டார் ரிப்பேர் தனி. "பத்து லட்சம் சேர்த்துவிட்டோம், வீடு வாங்கிவிடலாம்" என்று கிளம்பியவர் உண்மையில் 16 லட்சத்தோடு கிளம்பியிருக்க வேண்டும்.

துண்டு விழும் இந்த ஐந்தாறு லட்சத்துக்கு நம் குடும்பங்கள் போகும் வழி எல்லோருக்கும் தெரியும். நகையை அடகு வைப்பது, சீட்டைத் தள்ளி எடுப்பது, தனிநபர் கடன் வாங்குவது, சொந்தக்காரரிடம் கைமாற்று. வீட்டுக் கடனைவிட வட்டி கூடுதலான கடன்கள் இவை. முதல் இரண்டு மூன்று வருடம் வீட்டுக் கடன் தவணையோடு இவற்றையும் சேர்த்துக் கட்டும்போதுதான் மூச்சு முட்டுகிறது. கைப்பணம் முழுவதும் சேரும்வரை ஓரிரு வருடம் வாடகை வீட்டிலேயே இருப்பது இதைவிட நல்லது. விலை ஏறிவிடுமே என்ற பயத்தில் அவசரப்பட்டவர்களைக் கடைசியில் வாட்டுவது இந்தச் சின்னக் கடன்கள்தான்.

புது அடுக்குமாடி வீட்டுக்குப் பதிவுச் செலவு கொஞ்சம் குறைவு. 2023 டிசம்பர் முதல், கட்டுநரிடமிருந்து முதல் விற்பனையாக வாங்கும் வீட்டுக்கு நிலத்தின் பிரிக்கப்படாத பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து ஒரே பத்திரமாகப் பதிகிறார்கள். மதிப்பு ₹50 லட்சம் வரை என்றால் மொத்தம் 6 சதவீதம். அதற்கு மேல் ₹3 கோடி வரை 7 சதவீதம். ஆனால் கட்டி முடிக்காத வீடாக இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் வந்து சேரும். ₹45 லட்சத்துக்கு உட்பட்ட, அளவு வரம்புக்குள் இருக்கும் சிறிய வீடுகளுக்கு அது 1 சதவீதம். நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. சொத்தின் விலை ₹50 லட்சமோ அதற்கு மேலோ இருந்தால், வாங்குகிறவர்தான் 1 சதவீதத்தைப் பிடித்தம் செய்து, விற்பவரின் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். இது கூடுதல் செலவு இல்லை, விற்பவருக்குத் தர வேண்டியதில் ஒரு பகுதி. கட்டத் தவறினால் நோட்டீஸ் வருவது வாங்கியவருக்கு.

பத்திரத்தில் குறைத்து எழுதினால்?

"பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் போட்டுக்கலாம், பாக்கியை ரொக்கமாகக் கொடுத்துடுங்க" என்று சொல்லும் விற்பனையாளர்கள் இன்றும் இருக்கிறார்கள். பதிவுச் செலவு குறைகிறதே என்று வாங்குகிறவரும் தலையாட்டிவிடுகிறார். இது சட்டப்படி தவறு. கடன் வாங்குகிறவருக்கு நேரடி நஷ்டமும்கூட. வங்கி கடனைக் கணக்கிடும்போது பத்திர மதிப்பு, தன் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு இரண்டில் எது குறைவோ அதைத்தான் எடுத்துக்கொள்ளும். ₹50 லட்சம் வீட்டை ₹30 லட்சம் என்று எழுதினால், கிடைக்கும் கடன் ₹27 லட்சத்தைத் தாண்டாது. மீதி ₹23 லட்சத்தைக் கைப்பணமாகப் புரட்ட வேண்டும். பின்னாளில் அந்த வீட்டை விற்கும்போது, வாங்கிய விலை ₹30 லட்சம் என்றே பதிவாகியிருக்கும்; லாபம் பெரிதாகத் தெரியும்; வரியும் அதற்கேற்ப விழும்.

இ.எம்.ஐ. குறைவு என்ற மயக்கம்

கடன் விற்பவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "மாதம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதில் சொன்ன பிறகு, தவணையை அந்த அளவுக்குள் அடக்கக் காலத்தை நீட்டிவிடுகிறார்கள். அதன் விலை என்ன?

அதே ₹40 லட்சம், அதே 8.5 சதவீத வட்டி. 15 ஆண்டுகளுக்கு எடுத்தால் மாதத் தவணை ₹39,390. மொத்த வட்டி ₹30.9 லட்சம். 20 ஆண்டுகளுக்குத் தவணை ₹34,713, வட்டி ₹43.3 லட்சம். 30 ஆண்டுகளுக்குத் தவணை ₹30,757, வட்டி ₹70.7 லட்சம். இருபதிலிருந்து முப்பதுக்குப் போனால் மாதம் மிச்சமாவது நாலாயிரத்துக்கும் குறைவு. அதற்காகக் கூடுதலாகத் தரும் வட்டி ₹27 லட்சம். இருபதிலிருந்து பதினைந்துக்கு இறங்க மாதம் ₹4,700 கூடுதலாகப் போட்டால், ₹12 லட்சத்துக்கு மேல் வட்டி மிச்சம்.

எல்லோராலும் 15 ஆண்டுக் கடனைத் தாங்க முடியாது, அது உண்மை. வங்கிகளே கூட, எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் ஏறத்தாழ பாதியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கின்றன. குடும்பத்தின் நிம்மதிக்கு அதைவிடக் குறைவாக, மூன்றில் ஒரு பங்குக்குப் பக்கத்தில் நிறுத்துவது நல்லது. பிள்ளைகளின் படிப்பும் பெற்றோரின் மருத்துவமும் தவணைக்காகக் காத்திருக்க மாட்டா. ஆனால், தாங்கக்கூடிய மிகக் குறுகிய காலம் எது என்று முதலில் கேட்க வேண்டும். காலத்தைத் தீர்மானித்துவிட்டு, அதற்குள் அடங்கும் கடன் எவ்வளவு என்று பார்த்து, அந்தக் கடனுக்குள் அடங்கும் வீட்டைத் தேட வேண்டும். நாம் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம்.

வட்டி எதைப் பார்த்து ஏறுகிறது?

இந்தியாவில் வீட்டுக் கடன்களில் பெரும்பாலானவை மாறும் வட்டிக் கடன்கள். எதைப் பார்த்து மாறுகிறது என்பதற்கு வரலாறு உண்டு. 2010-ல் அடிப்படை வட்டி முறை வந்தது, 2016-ல் வங்கியின் நிதிச் செலவை வைத்து வட்டி போடும் எம்.சி.எல்.ஆர். முறை. இரண்டிலும் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தாலும் வங்கிகள் பழைய வாடிக்கையாளருக்கு அதைச் சரியாகக் கொண்டு சேர்க்கவில்லை என்ற குறை இருந்தது. அதனால் 2019 அக்டோபர் 1 முதல், வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக் கடன்களை ரெப்போ (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி) போன்ற வெளி அளவுகோலோடு இணைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ரெப்போ விகிதம், அதன் மேல் வங்கி வைக்கும் கூடுதல் சதவீதம்: இரண்டும் சேர்ந்ததுதான் நம் வட்டி. மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது அது திருத்தப்பட வேண்டும்.

இதன் இரு முகங்களையும் சமீப ஆண்டுகள் காட்டிவிட்டன. கொரோனாக் காலத்தில் ரெப்போ 4 சதவீதமாக இருந்தது. 2022 மே மாதம் ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5 சதவீதம் ஆனது. பத்தே மாதத்தில் இரண்டரை சதவீத ஏற்றம். 2021-ல் 6.75 சதவீதத்துக்கு ₹40 லட்சம் கடனை 20 ஆண்டுக்கு வாங்கியவருக்குத் தவணை ₹30,415. இரண்டு வருடம் கட்டி ₹38 லட்சம் பாக்கி இருக்கும்போது வட்டி 9.25 சதவீதம் ஆகிறது. தவணையை மாற்றாமல் காலத்தை மட்டும் நீட்டினால், மீதமிருந்த 18 ஆண்டுகள் 35 ஆண்டுகளைத் தாண்டிவிடும். மாதம் அசலில் கழிவது ஆயிரத்துச் சொச்சம்தான். தவணை அதே தொகை என்பதால் வீட்டில் யாருக்கும் எதுவும் தெரிவதில்லை. ஓய்வு பெறும் வயதுக்குப் பிறகும் தவணை நிற்காது என்பது பிறகுதான் தெரியவரும். காலம் நீளாமல் இருக்க அவர் மாதம் சுமார் ₹5,700 கூட்டிக் கட்டியிருக்க வேண்டும்.

இந்தப் பழக்கத்துக்குக் கடிவாளம் போடத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வதா என்பதை வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்க வழி தர வேண்டும். அதுவரை கட்டிய அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எத்தனை தவணை மீதம், இப்போதைய வட்டி என்ன என்ற விவரங்களை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும். அந்த அறிக்கையைத் திறந்து பாருங்கள். 'மீதமுள்ள தவணைகள்' என்ற எண்ணிக்கை முந்தைய முறையைவிடக் கூடியிருந்தால், அன்றே கிளைக்குப் போய்த் தவணையை உயர்த்தச் சொல்லுங்கள்.

2025 பிப்ரவரியிலிருந்து ரெப்போ இறங்கத் தொடங்கி, அந்த டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது. வட்டி இறங்கும்போது தவணையைக் குறைக்கச் சொல்லாதீர்கள். பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால் காலம் தானாகச் சுருங்கும்.

'நிலையான வட்டி' என்று விற்கப்படும் கடன்களும் உண்டு. அவற்றில் வட்டி பொதுவாக அதிகம். பலவற்றில் இரண்டு மூன்று ஆண்டுக்குப் பிறகு வட்டியை மாற்றும் உரிமையை நிறுவனம் வைத்துக்கொள்ளும் ஷரத்தும் இருக்கும். கடைசித் தவணை வரை நிலையானதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்காமல் அந்தப் பெயரை நம்பக் கூடாது.

வங்கியா, வீட்டு வசதி நிறுவனமா?

ரெப்போவோடு இணைக்க வேண்டும் என்ற கட்டாயம் வங்கிகளுக்குத்தான். வீட்டு வசதி நிதி நிறுவனங்களுக்கு இல்லை. அவை தங்கள் சொந்த அடிப்படை விகிதத்தைப் பின்பற்றுகின்றன. அதனால் ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்தாலும் பழைய வாடிக்கையாளருக்கு அது வந்து சேரத் தாமதமாகலாம். ஆனால் மளிகைக் கடை வைத்திருப்பவர், வேன் ஓட்டுபவர், சம்பளச் சீட்டு இல்லாத தொழிலாளி போன்றவர்களுக்கு வங்கிகள் மறுக்கும் கடனை இந்த நிறுவனங்கள் தருகின்றன. வட்டி கூடுதல்தான். அவர்கள் செய்யக்கூடியது, மூன்று நான்கு ஆண்டு ஒழுங்காகக் கட்டி, வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்து, பிறகு வங்கிக்குக் கடனை மாற்றிக்கொள்வது.

எங்கே போனாலும் முதலில் பார்ப்பது கிரெடிட் ஸ்கோர். 300 முதல் 900 வரையிலான இந்த மதிப்பெண்ணை வைத்துத்தான் பல வங்கிகள் வட்டியையே முடிவு செய்கின்றன. நம் நாட்டில் உள்ள கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். வீடு தேடத் தொடங்கும் முன்பே அதை வாங்கிப் பாருங்கள். எப்போதோ அடைத்த பைக் கடன் இன்னும் பாக்கி என்று காட்டலாம். யாருக்கோ போட்ட ஜாமீன் கையெழுத்து மதிப்பெண்ணை இறக்கியிருக்கலாம். திருத்தக் கால அவகாசம் தேவை.

கால் சதவீத வட்டி சின்ன விஷயமாகத் தோன்றும். ₹40 லட்சம், 20 ஆண்டுக் கடனில் 8.5-க்கும் 8.25-க்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை லட்சம் ரூபாய். குறைந்தது மூன்று இடத்தில் எழுத்துப்பூர்வமாக விவரம் வாங்கி, ஒன்றைக் காட்டி இன்னொன்றில் பேசுங்கள். பேசினால் வங்கிகள் குறைக்கின்றன.

சிறிய எழுத்தில் இருக்கும் செலவுகள்

பரிசீலனைக் கட்டணம், அதற்கு 18 சதவீத ஜி.எஸ்.டி., வக்கீலின் சட்டக் கருத்துக் கட்டணம், பொறியாளரின் மதிப்பீட்டுக் கட்டணம் ஆகியவை உடனடிச் செலவுகள். அசல் பத்திரங்களை வங்கியிடம் ஒப்படைத்ததற்கான ஆவணத்தைத் தமிழ்நாட்டில் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும், எம்.ஓ.டி. என்பார்கள். அதற்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் உண்டு; இரண்டுக்கும் உச்சவரம்பும் உண்டு.

இவற்றைவிடப் பெரியது காப்பீடு. கடன் வாங்குகிறவர் இறந்துவிட்டால் பாக்கியை அடைக்கும் பாலிசி என்று சொல்லி, ஒரே முறை கட்ட வேண்டிய பெரிய பிரீமியத்தைக் கடனோடு சேர்த்துவிடுகிறார்கள். ஒன்றரை லட்ச ரூபாய் பிரீமியத்துக்கு இருபது வருடம் வட்டி கட்டுகிறோம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பாதுகாப்பு அவசியம், சந்தேகமே இல்லை. ஆனால் அந்த பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தனியாக எடுக்கும் டேர்ம் பாலிசி பெரும்பாலும் மலிவு. கடன் முடிந்த பிறகும், வங்கி மாறினாலும் அது தொடரும்.

மொத்தச் செலவையும் ஒரே பார்வையில் காட்டும் தாள் ஒன்று இருக்கிறது. 2024 அக்டோபர் முதல் எல்லாச் சில்லறைக் கடன்களுக்கும் 'முக்கிய விவர அறிக்கை' தருவது கட்டாயம். வட்டியோடு கட்டணங்களையும் சேர்த்துக் கணக்கிட்ட ஏ.பி.ஆர். என்ற ஆண்டு விகிதம் அதில் இருக்கும். இரண்டு வங்கிகளை ஒப்பிட வேண்டியது இந்த எண்ணை வைத்துத்தான். அதில் சொல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது.

மனை, கட்டுமானம், அடுக்குமாடி

மனை வாங்கி வீடு கட்டுகிறவர்களுக்குக் கடன் ஒரே தவணையில் வராது. அஸ்திவாரம், லிண்டல், கான்கிரீட் என்று கட்டம் கட்டமாக, பொறியாளர் பார்த்த பிறகு வரும். அடுத்த பணம் வரும்வரை வேலை நிற்காமல் இருக்கக் கையில் கொஞ்சம் வைத்திருக்க வேண்டும். எடுத்த பணத்துக்கு மட்டுமே வட்டி. பணம் கைக்கு வருவதற்கு முன், கடன் அனுமதித்த நாளிலிருந்தே வட்டி போடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லி 2024 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி கண்டித்திருக்கிறது. முதல் அறிக்கையில் இதைச் சரிபாருங்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் அடுக்குமாடியில் வட்டியை மட்டும் கட்டிவருவதற்கு 'பிரீ இ.எம்.ஐ.' என்று பெயர். அதில் அசல் ஒரு ரூபாய்கூடக் குறையாது. கட்டடம் இரண்டு வருடம் தாமதமானால் வாடகையும் வட்டியும் சேர்ந்து குடும்பத்தைக் கரைத்துவிடும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில், அல்லது எட்டு வீட்டுக்கு மேல் கட்டும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கட்டுநருக்கு உரிமை இல்லை.

மனை விஷயத்தில் 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பேச்சை நம்ப வேண்டாம். மனைப் பிரிவுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல் தருவது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமும் (சி.எம்.டி.ஏ.) நகர் ஊரமைப்பு இயக்ககமும் (டி.டி.சி.பி.). அது இல்லாத மனைக்கு வங்கிகள் பொதுவாகக் கடன் தருவதில்லை. தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா மூன்றையும் நீங்கள் அமர்த்தும் வக்கீல் ஒருவர் தனியாகப் பார்க்கட்டும். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கியின் பாதுகாப்புக்காக.

சலுகைகளை நம்பலாமா?

வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு ₹2 லட்சம் வரையும், அசலில் மற்ற சேமிப்புகளோடு சேர்த்து ₹1.5 லட்சம் வரையும் வருமான வரிக் கழிவு உண்டு. ஆனால் இது பழைய வரி முறையைத் தேர்ந்தெடுப்பவர்களுக்குத்தான். இப்போது இயல்பாக அமலாகும் புதிய முறையில், தான் குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. 'வரி மிச்சமாகும்' என்ற பேச்சைக் கேட்டுக் கடனைப் பெரிதாக்க வேண்டாம்.

உண்மையிலேயே கைகொடுப்பது பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம். ஆண்டு வருமானம் ₹9 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாட்டில் எங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. ₹35 லட்சம் வரை மதிப்புள்ள வீட்டுக்கு ₹25 லட்சம் வரை கடன் வாங்கினால், முதல் ₹8 லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம் கிடைக்கும். அதிகபட்சம் ₹1.8 லட்சம், ஐந்து ஆண்டுத் தவணைகளில் கணக்கில் சேரும். தகுதியுள்ளவர்கள் கடன் வாங்கும்போதே கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ₹10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு என்பதும் 2025 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது.

சீக்கிரம் முடிக்கும் வழி

முதலில் சொன்ன கடனையே எடுத்துக்கொள்வோம். மூன்று ஆண்டு முடிந்ததும், போனஸோ ஊர் நிலத்தை விற்ற பங்கோ கைக்கு வந்து, ₹2 லட்சத்தை அசலில் கட்டுகிறார் ஒருவர். தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொன்னால் 22 தவணைகள் ஒழியும். அந்தத் தவணைகளுக்கான ₹7.5 லட்சத்துக்கும் அதிகமான தொகையைக் கட்ட வேண்டியிருக்காது. அதே ₹2 லட்சத்தைப் பதினைந்தாம் ஆண்டில் கட்டினால் பலன் மிகச் சிறிது. முன்கூட்டிக் கட்டுவது முதல் ஏழெட்டு ஆண்டுகளில்தான் வேலை செய்யும்.

தனிநபர்கள் வாங்கிய மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டி அடைக்க வங்கி அபராதம் வசூலிக்கக் கூடாது என்பது 2012 முதல் விதி. 2026 ஜனவரி முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு இதை இன்னும் தெளிவாக்கியிருக்கிறார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்றுகூடக் கேட்க முடியாது. ஆகவே வேறு வங்கிக்குக் கடனை மாற்றவும் தடையில்லை. அரை சதவீதமாவது வட்டி குறைந்தால், பாதிக் காலம் தாண்டாமல் இருந்தால், மாற்றுவது பயன் தரும். புதுப் பரிசீலனைக் கட்டணமும் எம்.ஓ.டி. செலவும் மறுபடி வரும், கழித்துப் பாருங்கள். அதற்கு முன் உங்கள் வங்கியிடமே ஒரு கடிதம் கொடுங்கள். வாடிக்கையாளர் போய்விடுவார் என்று தெரிந்தால் வட்டியைக் குறைக்க வழி பிறக்கும்.

தவணை தவறினால், முடிந்தால்

வேலை போய்விட்டது, உடம்பு முடியவில்லை என்றால் ஒளியாதீர்கள். முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போய் எழுதிக் கொடுத்து அவகாசம் கேளுங்கள். 90 நாள் கட்டாவிட்டால் கணக்கு வாராக்கடனாகிவிடும். 2002-ம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து வங்கி வீட்டைக் கைப்பற்ற முடியும். வழக்குப் போட வேண்டியதில்லை. வங்கியின் நடவடிக்கையில் தவறு நடந்திருந்தால், அது நடந்த 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். அதுவரை போக விடாமல் இருக்க ஒரே வழி, ஆறு மாதத் தவணையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுக் கடனைத் தொடங்குவது.

கடன் முடிந்ததும் கொண்டாட்டத்தில் மூன்று வேலைகளை மறந்துவிடாதீர்கள். ஒன்று, கடன் இல்லைச் சான்று வாங்குவது. இரண்டு, அசல் பத்திரங்களைத் திரும்பப் பெறுவது. 30 நாளுக்குள் வங்கி தர வேண்டும். தன் தவறால் தாமதித்தால் நாளொன்றுக்கு ₹5,000 இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவு 2023 டிசம்பர் முதல் அமலில் இருக்கிறது. ஒப்படைத்த பத்திரங்களின் பட்டியல் உங்களிடம் இருந்தால்தான் எது வந்தது, எது வரவில்லை என்று கேட்க முடியும். மூன்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் ரசீது ஆவணம் பதிந்து அடமானத்தை நீக்குவது. இதைச் செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் கடன் அப்படியே நிற்கும். பிள்ளைகள் விற்கப் போகும்போது அது சிக்கலாக முளைக்கும்.

எந்தப் புகாருக்கும் வங்கி 30 நாளில் பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் நியாயமாக இல்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் செலவில்லாமல் முறையிடலாம்.

சொந்த வீடு என்ற ஆசையை யாரும் குறை சொல்ல முடியாது. வாடகை வீட்டில் ஆணி அடிக்க அனுமதி கேட்டு வாழ்ந்த தலைமுறைகளின் ஆசை அது. அந்த ஆசைதான் நம்மை அவசரப்படுத்துகிறது. அந்த அவசரத்தைத்தான் கடன் விற்பவர்கள் நம்பியிருக்கிறார்கள். அனுமதிக் கடிதம் வந்தாலும் ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முக்கிய விவர அறிக்கையை வீட்டுக்கு எடுத்து வாருங்கள். தவணைக் காலம், மொத்த வட்டி, வட்டி மாறும் விதி, காப்பீடு ஆகிய நான்கையும் குடும்பத்தோடு உட்கார்ந்து படியுங்கள். கணவன், மனைவி இருவருக்கும் புரிந்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். இருபது வருடம் கட்டப்போவது நீங்கள் இருவரும்தான்.